பிறந்த ஊர் என்ற கட்டத்தில் நான் எழுதியது

அக்கா,

இன்று காலையில் அப்பா தோட்டத்தில் மருந்தடித்துக்கொண்டிருந்தார். மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கரைத்து அடிக்கிற அந்த நீல மருந்து. கிளை கழிக்கிற கவாத்து முடிந்து திராட்சைக் கொடியில் தளிர் வந்துவிட்டால் ஓடைப்பட்டி முழுக்க அந்த வாடைதான். ஒருமுறை வீடியோ காலில் அப்பாவின் சட்டையில் இருந்த நீலத் திட்டுகளைப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, உங்க அப்பா பெயிண்டரா?" என்று கேட்டீர்கள். மருந்தைப் பற்றிச் சொன்னேன். நீங்கள் அதோடு விடவில்லை. அது எந்த நீலம், காய்ந்தால் வெளுக்குமா, இலையின் மேல்பக்கம் மட்டும் படுமா, வாடை எதைப் போல இருக்கும் என்று முக்கால் மணி நேரம் கேட்டீர்கள். வாடையை எப்படி அக்கா வரைவீர்கள் என்றேன். "வரைய முடியாது. ஆனா எனக்குத் தெரிஞ்சிருந்தா, கட்டத்துக்குள்ள நிக்கிற ஆளு மூக்கைச் சரியாச் சுளிக்கும்" என்றீர்கள்.

அந்த வாடையில் நின்றுகொண்டுதான் உங்கள் தம்பி அனுப்பிய செய்தியைப் படித்தேன். உங்கள் படக்கதை முழுவதையும் ஒரே புத்தகமாக்கி கிள்ளானிலேயே அச்சடிக்கப் போகிறாராம். கடைசிப் பக்கத்தில் உங்களைப் பற்றி நாலு வரி வேண்டுமாம். அதை ஓடைப்பட்டித் தங்கச்சிதான் எழுத வேண்டும் என்று நீங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தபோதே சொல்லியிருந்தீர்களாம்.

இப்படிப்பட்ட நாலு வரியில் முதலில் வருவது பிறந்த ஊர்தான். அந்த ஒரே இடத்தில்தான் நான் ஏற்கெனவே ஒரு பொய்யை எழுதி உங்கள் பெயரைக் கெடுத்தேன். நீங்கள் இருந்தவரை அதை நான்தான் எழுதினேன் என்று ஊருக்குச் சொல்லவில்லை. அதனால் அந்த நாலு வரிக்கு முன்னால் இதை எழுதுகிறேன்.

நமக்குள் அறிமுகமே சண்டையில்தான். நான் கல்லூரி முடித்துவிட்டு வீட்டில் இருந்த சமயம். வீடியோ எடிட்டிங், இணையதளம் கட்டுவது எல்லாம் போனில் பார்த்துப் பார்த்து நானாகக் கற்றுக்கொண்டவை. யாரோ பகிர்ந்த உங்கள் படக்கதை ஒருநாள் கண்ணில் பட்டது. வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்து எழுதுகிற ஒரு பெண், போகிற வீடுகளில் நடக்கும் திருட்டையும் தகராறையும் துப்பறிகிறாள். நடப்பது எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில். பதினோரு அத்தியாயத்தை ஒரே மூச்சில் படித்தேன். பன்னிரண்டாவதில் திராட்சைத் தோட்டம் வந்தது. இடுப்பு உயரத்தில் வரிசை வரிசையாகக் கொடிகள், நடுவில் நிமிர்ந்து கைவீசிப் போகிறாள் மீட்டர்காரி. வெளிநாட்டு ஒயின் விளம்பரத்தில் வருமே, அப்படி.

எங்கள் ஊரில் திராட்சை தலைக்கு மேலே படரும். கல்லுக்கால் நட்டு, கம்பி இழுத்து, அதன்மேல் பந்தல். நிமிர்ந்து நடந்தால் குலை மூஞ்சியில் இடிக்கும். போதாததற்கு அவள் தோட்டத்து மோட்டாருக்கு ரீடிங் எடுக்கப் போகிறாள். விவசாய மோட்டாருக்கு இங்கே இலவச மின்சாரம், ரீடிங் எடுக்க யாரும் வருவதே இல்லை. எனக்கு வந்ததே கோபம். பந்தலுக்குக் கீழே குனிந்து நடந்தபடி, இரண்டு தப்பையும் சொல்லி ஒரு வீடியோ எடுத்துப் போட்டேன். "இந்தக் கதை எழுதுறவக ஓடைப்பட்டிய மேப்புலகூடப் பாத்ததில்லபோல. இது தேனியா, பாரிஸா?" என்று அதில் நானே பேசியிருந்தேன். சாயங்காலத்துக்குள் அது எங்கெங்கோ ஓடியது. கீழே ஒரே கும்மாளம். "மலேசியாவுல ஏசியப் போட்டு உக்காந்துக்கிட்டு நம்மூரு கதைய எழுதுறாகளாம்ல." "அந்தக்காவ ஒருநா களையெடுக்க விடுங்கப்பா."

மறுநாள் உங்கள் செய்தி வந்தது. சண்டைக்கு நான் தயாராக இருந்தேன், பதில்கூட யோசித்து வைத்திருந்தேன். நீங்கள் எழுதியிருந்தது இது: "வணக்கம் தங்கச்சி. வீடியோ பார்த்தேன், நன்றி. மத்தியானம் பன்னெண்டு மணிக்கு அந்தப் பந்தலுக்கு அடியில நின்னா தரையில வெளிச்சம் எப்படி விழும்? ஒரு வீடியோ எடுத்து அனுப்புவீங்களா? மீட்டர் விஷயத்துக்கு வேற வழி யோசிக்கிறேன்."

பதினெட்டு வீடியோ அனுப்பினேன்.

நீங்கள் அந்த அத்தியாயத்தை முழுக்க அழித்துவிட்டு முதலிலிருந்து வரைந்தீர்கள். இப்போது மீட்டர்காரி தோட்டத்து வீட்டுக்குத்தான் ரீடிங் எடுக்க வருகிறாள். ஆள் இல்லாத தோட்டத்தில் மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்கிறது. அதுதான் துப்பு. பழையதைவிட நூறு மடங்கு நன்றாக இருந்தது. அன்றைக்குப் பிடித்த கிறுக்கு எனக்கு விடவே இல்லை. உங்கள் கட்டங்களை வெட்டி, சத்தம் சேர்த்து, குட்டி வீடியோக்களாகப் போட்டேன். மீட்டர்காரி மாதிரியே காதோரம் பேனாவைச் செருகிக்கொண்டு சின்னமனூர் பஸ்ஸில் போனேன். உங்களுக்கென்று ஒரு ரசிகர் தளமும் கட்டினேன்.

அப்புறம் ஒன்றரை வருஷம் நாம் பேசாத வாரம் இல்லை. போனை எடுத்ததும் நீங்கள் கேட்பது "பசியாறியாச்சா?" எங்கள் பக்கம் அப்படி யாரும் கேட்பதில்லை. அம்மா ஒருநாள் அடுப்படியிலிருந்து, "ஏன்டி, அந்தப் புள்ள எப்பப் பாத்தாலும் பசியாறிட்டியாங்குது. நம்ம வீட்ல சோத்துக்கு இல்லன்னு யாரும் சொல்லிட்டாகளோ?" என்றார். அதைக் கேட்டு நீங்கள் சிரித்த சிரிப்பில் போன் ஆடியது. அப்பாவை நீங்கள் அங்கிள் என்று கூப்பிட்டீர்கள். "அங்கிள்னா எனக்குத் திரும்பிப் பாக்கத் தோணல தாயி. அண்ணன்னு கூப்பிடு" என்றார். "அப்ப தங்கச்சி எனக்கு மருமகளா?" என்று கேட்டீர்கள். அப்பா கொஞ்சம் யோசித்துவிட்டு, "முறைப்படி அப்படித்தான் வருது. ஆனா அவ உனக்கு அடங்க மாட்டா" என்றார்.

உங்கள் கதையையும் துண்டு துண்டாகச் சொன்னீர்கள். பிறந்தது, படித்தது, வேலை பார்ப்பது எல்லாம் கிள்ளான் பக்கம். தாத்தா இளவட்டமாக இருந்தபோது இங்கிருந்து கப்பலேறி ரப்பர் தோட்டத்துக்குப் போனவர். ஊர் எது என்று கேட்டால் ஒருநாள் ஜெயமங்கலம் என்பாராம், ஒருநாள் ஓடைப்பட்டி என்பாராம், கோபம் வந்தால் பழைய மதுரை மாவட்டத்தை "மருத ஜில்லா" என்று மட்டும் சொல்வாராம். கேட்கத் தெரிந்த வயது உங்களுக்கு வருவதற்குள் அவர் போய்விட்டார். "எனக்குக் கெடச்சது ரெண்டு பேர்தான் தங்கச்சி, ரெண்டும் சந்தேகம். அதான் கதையா வரையிறேன். கதையில சந்தேகமா இருந்தாப் பரவால்ல லா" என்றீர்கள், உங்கள் ஊர் ‘லா’வோடு.

இது எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தேதான் செய்தேன்.

தளத்தில் உங்களைப் பற்றி ஒரு பெட்டி. பெயர், தொழில், பிறந்த ஊர். பெயரையும் தொழிலையும் நிரப்பினேன். மூன்றாவதில் "கிள்ளான், மலேசியா" என்று தட்டிவிட்டுப் பார்த்தேன். எனக்கு அது பிடிக்கவில்லை. அந்த வாரம்தான் ஒருவன் என் வீடியோவுக்குக் கீழே, "வெளிநாட்டுக்காரிக்கு நம்ம வலி என்ன தெரியும்" என்று எழுதியிருந்தான். நானும் ஒருகாலத்தில் அந்தக் கட்சிதான் என்பது மறந்துபோய், அவனோடு ராப்பகலாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். கிள்ளானை அழித்துவிட்டு "ஓடைப்பட்டி, தேனி மாவட்டம்" என்று அடித்தேன். தாத்தா ஒருநாள் ஓடைப்பட்டி என்றாராமே, பாதி உண்மைதானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். பத்து விநாடி வேலை. உங்களைப் பற்றி எழுதுவதைப் படிக்கக் கூச்சம் என்று நீங்கள் என் தளத்தைத் திறப்பதே இல்லை.

பலன் உடனே தெரிந்தது. "அட, நம்மூருப் புள்ளையா" என்று ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். அதே கட்டங்கள், அதே வசனம். முன்னால் தப்பு கண்டுபிடித்தவர்கள் இப்போது, "பொறந்த மண்ணோட வாசம் அப்படியே இருக்கு" என்று எழுதினார்கள். எனக்கு அது வெற்றி மாதிரித்தான் இருந்தது. சென்னையில் ஒரு சின்னப் பதிப்பகம் முதல் பாகத்தைப் புத்தகமாகப் போட முன்வந்தது. நீங்கள் அனுப்பிய குறிப்பு ஆங்கிலத்தில் இருந்ததாம். அதைத் தமிழில் எழுதச் சோம்பல்பட்டு, என் தளத்தில் இருந்ததை அப்படியே எடுத்துப் பின்னட்டையில் போட்டுவிட்டார்கள்.

புத்தகம் வந்த சூட்டோடு நீங்களும் வந்தீர்கள், ஆறு நாள். சின்னமனூரில் ஒரு வாசகர் வட்டம் மண்டபம் பிடித்துப் பாராட்டு விழா வைத்தது. வாசலில் ஆளுயர ஃபிளக்ஸ். "ஓடைப்பட்டி மண்ணில் பிறந்து கடல்கடந்து புகழ்பெற்ற எங்கள் மகளே வருக." நீங்கள் அதை நின்று இரண்டு முறை படித்தீர்கள். பின்னட்டையை அதுவரை நீங்கள் சரியாகப் பார்த்திருக்கவில்லை, முதல் பிரதியே அன்று காலையில்தான் உங்கள் கைக்கு வந்தது.

"தங்கச்சி, இது யார் எழுதுனது?"

"தெரியலக்கா. பதிப்பகத்துல தப்பாப் போட்டிருப்பாக."

உங்கள் முகத்தைப் பார்த்துச் சொன்ன பொய் அது ஒன்றுதான். தட்டச்சுப் பலகையில் சொன்னதைவிட அது கஷ்டமாக இருந்தது.

விழாவை நான் முன்வரிசையில் உட்கார்ந்து போனில் நேரலையாகப் போட்டுக்கொண்டிருந்தேன். பேச்செல்லாம் முடிந்து கேள்வி நேரம். ஒரு பெரியவர் எழுந்தார். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லாத மனிதர். எங்கள் ஊரில் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் கேட்கிற கேள்விகளைத்தான் கேட்டார். இரண்டு பேர் சந்தித்தால் நாலு கேள்விக்குள் ஏதாவது ஓர் உறவு தட்டுப்படும், அதில் ஒரு சந்தோஷம்.

"ஓடைப்பட்டில எந்தத் தெரு தாயி?"

நீங்கள் மைக்கை வாங்கினீர்கள். "நான் ஓடைப்பட்டில பொறக்கலங்க. கிள்ளான்ல பொறந்தேன். எங்க தாத்தா இந்தப் பக்கம்னு சொல்வாங்க. எந்த ஊர்னு சரியாத் தெரியாது."

"சரி, யாரு மக்க? தாத்தா பேரு சொல்லு, நான் கண்டுபிடிச்சிருவேன்."

சொன்னீர்கள். அந்தப் பெயரில் தெருவுக்கு மூன்று பேர் இருப்பார்கள்.

"குலசாமி எது? அதச் சொன்னாப் போதும்."

"அதுவும் தெரியாதுங்க. சாமி இருக்கு, எந்தக் கோயில்னு தெரியாது."

பெரியவர் உட்கார்ந்துவிட்டார். குலசாமி தெரியாத ஆளை அவர் அதுவரை பார்த்ததே இல்லை என்று நினைக்கிறேன். பின்னாலிருந்து ஒருவன் கேட்டான். "அப்ப வாசல்ல இருக்குறது, பொஸ்தகத்துல இருக்குறது எல்லாம் பொய்யா? நம்மூரு பேரச் சொல்லித்தான் வித்தீகளா?"

"தப்பா வந்திருக்குங்க. என் புத்தகத்துல இருக்கு, அதனால என் தப்புதான். மன்னிச்சுக்குங்க."

நான் எழுந்து நின்று, "நான்தான்ணே போட்டேன்" என்று சொல்லியிருக்க வேண்டும். நாலு வார்த்தை கூட இல்லை. நேரலையை நிறுத்தினேன், அவ்வளவுதான் செய்தேன். அதற்குள் யாரோ அந்த ஒன்றரை நிமிஷத்தை வெட்டி எடுத்துவிட்டார்கள். "போலித் தேனிப் பொண்ணு மாட்டிக்கிருச்சு" என்று தலைப்பு.

மறுநாள் காலையில் எங்கள் வீட்டில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். போனை என் பக்கம் திருப்பி வைத்தீர்கள். பதிப்பகத்தின் செய்தி. ‘உங்கள் ரசிகர் தளத்தில் இருந்ததையே பயன்படுத்தினோம். சர்ச்சை அடங்கும்வரை இரண்டாம் பாகத்தைத் தள்ளிவைக்கிறோம்.’

"நீங்க எங்க ஊருன்னு எல்லாரும் நெனைக்கணும்னுதான்க்கா" என்றேன்.

நீங்கள் சத்தம் போடவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டீர்கள். "உங்க ஊரா இல்லன்னா என் படம் பிடிக்காதா தங்கச்சி?"

எனக்குப் பிடித்தது நீங்கள் அந்தப் பன்னிரண்டாவது அத்தியாயத்தை அழித்து வரைந்ததுதான். இங்கே பிறந்திருந்தால் நீங்கள் என்னிடம் எதையும் கேட்டிருக்கவே மாட்டீர்கள். வெளிச்சம் தரையில் எப்படி விழும் என்று பந்தலுக்குக் கீழேயே பிறந்த நான் ஒருநாள்கூடப் பார்த்ததில்லை. இதெல்லாம் இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு மூக்கை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்பாதான் வண்டியை எடுத்தார். "ரெண்டு பேரும் ஏறுங்க. மூஞ்சிய இப்படி வச்சுக்கிட்டு வீட்ல இருந்தா உங்கம்மா எனக்குல்ல சோறு போட மாட்டா." மலையடிவாரத்தில் இருக்கிற எங்கள் குலசாமி கோயிலுக்குக் கூட்டிப் போனார். கோபுரமெல்லாம் கிடையாது. ஒரு புளியமரம், இடுப்பளவு மதில், எண்ணெய் ஊறிக் கறுத்த நாலு கல். வரையலாமா என்று கேட்டீர்கள். "சாமியத் தவிர எல்லாத்தையும் வரைஞ்சுக்க" என்றார் அப்பா. நீங்கள் புளியமரத்தின் வேரை வரைய ஆரம்பித்தீர்கள்.

"நேத்து அந்தப் பெரியவரு கேட்டாகள்ல, அதுல தப்பில்ல. இங்கன அப்படித்தான் கேப்பாக" என்றார் அப்பா. "ஆனா ஒண்ணு தாயி. இந்தச் சாமியும் இங்கன உள்ளதில்ல."

நீங்கள் நிமிர்ந்து பார்த்தீர்கள்.

"எங்க ஆளுக எங்கிட்டோ இருந்து கெளம்பி வந்தவுகதான். பஞ்சமோ, அடிதடியோ, யாரு கண்டா. வாரப்ப சாமி காலடியில இருந்து ஒரு பிடி மண்ண அள்ளி முந்தியில முடிஞ்சு கொண்டாந்து, இங்கன போட்டுக் கும்பிட்டாக. பிடிமண்ணுன்னு சொல்லுவோம். அந்த மண்ணுதான் சாமி. கல்லெல்லாம் பெறகு வச்சது."

"அப்ப பழைய கோயில் எங்க இருக்கு அண்ணே?"

"தெரியாது. எங்க தாத்தா வடக்கேன்னாக. அவுக அண்ணன் மேக்கேன்னாக. அதுல சண்டையாகி ரெண்டு பேரும் ஆறு வருசம் பேசிக்கிடல."

நீங்கள் சிரித்தீர்கள். அந்த ஆறு நாளில் அதுதான் உங்கள் நிஜமான சிரிப்பு. அப்புறம் சொன்னீர்கள். உங்கள் தோட்டத்திலும் ரப்பர் மரங்களுக்கு நடுவே ஒரு சாமி இருந்தது. தாத்தா பிஸ்கட் டின்னில் கொண்டுவந்த மண்ணை வைத்துக் கும்பிட்டார்கள். தோட்டத்தை விற்று வீடுகள் கட்டியபோது உங்கள் அப்பா அந்த மண்ணைத் தோண்டி எடுத்துக்கொண்டு போனார். இப்போது நீங்கள் இருக்கிற அடுக்குமாடிக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டி ஓரமாக இருக்கிறது. "அதுக்குப் பேரு இருக்குன்னே எனக்குத் தெரியாதுலா. நாங்க டின்னு சாமின்னுதான் சொல்வோம்."

அப்பா அப்படியே குனிந்து கல்லடியில் இருந்து ஒரு பிடி மண்ணை அள்ளினார். "இந்தா தாயி, இத எடுத்துட்டுப் போ. இனிமே எவன் கேட்டாலும் ஓடைப்பட்டி அய்யா கோயிலுன்னு சொல்லிக்க. நாங்க யாரும் இல்லன்னு சொல்லப் போறதில்ல."

நான் உடனே போனை எடுத்துவிட்டேன் அக்கா. முந்தின நாள் அத்தனை நடந்தும் புத்தி வரவில்லை. "வாங்கிக்கங்கக்கா. இந்த வீடியோவப் போட்டா எல்லா வாயும் அடங்கிரும்" என்றேன்.

நீங்கள் கையை நீட்டவில்லை. "கோச்சுக்காதீங்க அண்ணே. எங்க சாமிக்கு மண்ணு இருக்கு. அது எந்த ஊர் மண்ணுன்னுதான் தெரியாது. இதக் கொண்டுபோய் அதுமேல போட்டுட்டா, தாத்தா கொண்டுவந்தது எதுன்னு அப்புறம் எனக்கே தெரியாமப் போயிடும்."

அப்பா மண்ணை இருந்த இடத்திலேயே போட்டுக் கையைத் தட்டிக்கொண்டார். "சரிதான்" என்றார். ராத்திரி அம்மாவிடம் அப்பா சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. "நல்ல புள்ள. நானா இருந்தா வாங்கியிருப்பேன்."

உங்களை வழியனுப்பத் தேனி பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன். மதுரை வண்டி கிளம்பக் கால் மணி நேரம் இருந்தது. தளத்தில் அந்தக் கட்டத்தை மாற்றிவிட்டேன் என்று காட்டினேன். கிள்ளான், மலேசியா. பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தீர்கள்.

"மாத்துனாப் போதாது தங்கச்சி. நீதான் போட்டேன்னு எழுதிடு. திட்டுவாங்க. ரெண்டு நாள்ல மறந்துடுவாங்க."

"எழுதுறேன்க்கா. இப்ப சூடா இருக்கு, கொஞ்சம் ஆறட்டும்."

"உன் இஷ்டம்" என்றீர்கள். அப்புறம் வண்டியில் குடிக்கத் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்தீர்கள். அந்தப் பேச்சை நீங்கள் மறுபடி எடுக்கவே இல்லை. நான் எடுக்காததற்குக் காரணம் சொல்ல வேண்டுமென்றால், அப்போது என் பக்கத்தைப் பார்த்து எனக்கு எடிட்டிங் வேலைகள் வர ஆரம்பித்திருந்தன. பொய் சொன்னவள் என்று பெயர் வந்தால் போய்விடும் என்று பயம். அந்தப் பெயரை நீங்கள் சுமந்துகொண்டிருந்தீர்கள் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை.

இரண்டாம் பாகம் வரவில்லை. நீங்கள் இணையத்திலேயே தொடர்ந்து வரைந்தீர்கள். ஒவ்வோர் அத்தியாயத்தின் கீழும் சின்ன எழுத்தில் மூன்று வரி சேர்ந்தது. ‘வரைபவர் பிறந்தது கிள்ளான். கதை நடக்கும் ஊரில் இருந்தது ஆறு நாள். மற்றதெல்லாம் கேட்டு வரைந்தது.’ அதையும் சிலர் கிண்டல் செய்தார்கள். அந்த அத்தியாயங்கள்தான் உங்கள் உச்சம் என்று நான் அடித்துச் சொல்வேன். மீட்டர்காரி வைகை அணைக்குச் சுற்றுலா போகிற அத்தியாயத்தில், செல்ஃபி எடுக்கிற கூட்டத்துக்கு நடுவே செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு பெண் நிற்பாளே, அவள் நிற்கிற நிலையிலேயே அவள் வீட்டில் என்ன நடந்தது என்று தெரிந்துவிடும். அதற்கு எங்கே பிறந்திருக்க வேண்டும்? எங்கேயும் வேண்டாம், பார்த்தால் போதும்.

பிறகு வயிற்றுவலி என்றீர்கள். கட்டி என்றார்கள். நாலு மாதம். தம்பி போன் செய்தபோது நான் யாருடைய கல்யாண வீடியோவையோ வெட்டிக்கொண்டிருந்தேன்.

இணையத்தில் அஞ்சலி எழுதியவர்களில் பாதிப் பேர் ‘தேனியில் பிறந்த ஓவியர்’ என்று எழுதினார்கள். மீதிப் பேர் ‘தேனியில் பிறந்ததாகச் சொல்லிக்கொண்ட ஓவியர்’ என்று எழுதினார்கள். இரண்டுமே நான் தட்டிய அந்த ஒரு வரியிலிருந்து வந்தவை. நீங்கள் எங்கேயும் அப்படிச் சொன்னதே இல்லை. அதை அறிந்தவர்கள் நம் இரண்டு வீட்டாரும் அந்தப் பதிப்பகமும் மட்டும்தான்.

மத்தியானம் இந்தக் கடிதத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு அந்த நாலு வரியை எழுதினேன். இப்படி வந்தது:

‘இவர் கிள்ளானில் பிறந்தார், அங்கேயே வளர்ந்தார், அங்கேயே மறைந்தார். தாத்தா தேனிப் பக்கத்தவர், ஊர் உறுதியாகத் தெரியாது. கம்பம் பள்ளத்தாக்கில் ஆறு நாள் இருந்தார். பள்ளத்தாக்கைப் பற்றி இருநூறு பேரிடமாவது கேட்டிருப்பார். தப்பென்று சொன்னால் அழித்துவிட்டு மறுபடி வரைவார். இவர் ஓடைப்பட்டியில் பிறந்தார் என்று முதலில் எழுதியது நான். அது பொய், அவருக்குத் தெரியாமல் நான் எழுதியது.’

கீழே என் முழுப்பெயரும் ஊரும் போட்டேன். தம்பிக்கு அனுப்பினேன். அவரும் உங்களைப் போலவே அளந்து பேசுகிறவர். "நாலு வரி கேட்டேன், ஏழு இருக்கு. பரவால்ல, எழுத்தச் சின்னதாக்கிப் போட்டுடலாம்" என்று பதில் வந்தது. அதையே என் தளத்திலும், என் பக்கத்திலும், அந்தப் பழைய வீடியோவுக்குக் கீழேயும் போட்டுவிட்டேன். போட்ட பத்தாவது நிமிஷத்திலிருந்து திட்டு விழுகிறது. உங்களைத் திட்டியவர்கள்தான் இப்போது உங்களுக்காக என்னைத் திட்டுகிறார்கள். ஒரு கல்யாணக்காரர் கொடுத்த வேலையைத் திருப்பி வாங்கிக்கொண்டார். அம்மா என் போனை வாங்கிக் கொஞ்ச நேரம் படித்துவிட்டு, "எழுதத் தெரியாதவனெல்லாம் எம்புட்டு நீளமாத் திட்டுறான் பாரு" என்று திருப்பிக் கொடுத்தார். நீங்கள் சொன்ன இரண்டு நாள் கணக்கு சரியா என்று பார்க்க வேண்டும். சரியாக இருந்தாலும், இரண்டு வருஷத்துக்கு முன்னால் செய்ய வேண்டிய காரியம் இது. அதை மாற்ற முடியாது.

எனக்குள் உங்களால் வந்து தங்கிவிட்டது ஒன்று உண்டு. யாரைப் பற்றியும் ஒரு வரி போடுவதற்கு முன்னால் அவரையே கூப்பிட்டுக் கேட்டுவிடுகிறேன். என்ன போடட்டும், இது சரியா, இப்படிப் போடலாமா என்று. என்னோடு எடிட்டிங் செய்கிற பசங்களுக்கு இது பெரிய கிண்டல்.

போன வாரம் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப் ஓட்டுநர்கள் பற்றி ஒரு வீடியோ செய்தேன். அதில் வருகிற ஓர் அண்ணனுக்குப் பெயருக்குக் கீழே ஊர் போட வேண்டும். கம்பத்தில்தான் வீடு, கம்பத்தில்தான் ஓட்டு. போட்டிருந்தால் யாரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். கூப்பிட்டேன்.

"அண்ணே, ஊரு கம்பம்னு போட்டுரவா?"

"போடு." அப்புறம் ஜீப்பை ஓரமாக நிறுத்துகிற சத்தம் கேட்டது. "பொறந்தது மலைக்கு அங்கிட்டு, கேரளா வண்டன்மேட்டுல, எஸ்டேட்டுல. பத்து வயசு வரைக்கும் அங்கனதான். எங்கள இங்கன மலையாளத்தானும்பாக, அங்கன பாண்டிக்காரனும்பாக. அதெல்லாம் எதுக்கு, கம்பம்னே போடு."

"ரெண்டையும் போடவாண்ணே?"

"அவ்வளவுக்கும் அதுல எடம் பத்துமா?"

"பத்தும்ணே" என்றேன்.